சும்மா மூடக் கூடாத குழி

வெள்ளானூர்
4-11-2024

அகல்யாவுக்கு உன் நைனா துலுக்கானம் எழுதிக்கிறது.

எழுதுறது என் கை இல்லை. எதிர் பிளாட்டுல புதுசா குடி வந்திருக்கே பத்மா, திருநெல்வேலிப் பக்கத்துப் பொண்ணு, ஊட்ல இருந்துகினே கம்ப்யூட்டர் வேலை பாக்குமே, அதோட கை. "நீங்க சொல்றதை அப்படியே எழுதறேன் தாத்தா"ன்னு சொல்லிட்டு, நான் "கீது"ன்னா அது "இருக்கிறது"ன்னு எழுதுது. வேணாம்மா, என் பொண்ணுக்கு நான்தான் பேசறேன்னு தெரியணும், கீதுன்னே போடுன்னேன். சிரிச்சிகினே போட்டுது.

போன்ல என் நம்பரை அடைச்சிட்ட. உங்கம்மாவைச் சொல்லச் சொன்னேன். "சோத்தைத் தூக்கிகினு ரெண்டு பஸ் மாறிப் போறேன். உன் பேச்சையும் சேத்து என்னால தூக்க முடியாது. வேணும்னா எழுதிக் குடு, டிபன் கேரியர் பையில போட்டுக்கறேன்"னுட்டா சரசா. அதான் கடுதாசி.

நடந்தது இன்னான்னு என் வாயால ஒரு தடவை சொல்லிடறேன். நீ கேட்டது பச்சையப்பன் வாயால.

ஏழாம் மாசமே வலி எடுத்து உன்னைப் பூந்தமல்லி ஆஸ்பத்திரியில சேத்தாங்க. பொறந்தது பொண்ணு, ஒரு கிலோ கூட இல்லை, கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்கன்னு மாப்ளை போன் பண்ணாரு. காலையில வாங்க மாமான்னாரு. நான் காலையில அங்க வரலை. மம்மட்டியை எடுத்துகினு ஏரிக்கரைக்குப் போனேன். புங்கமரத்துக்குக் கீழ, பச்ச மண்ணுங்களைப் பொதைக்கிற எடத்துல, குழி வெட்டினேன். ஆடு ஓட்டிகினு வந்த பச்சையப்பன் பாத்துட்டு, "யாருக்கு மாமே?"ன்னான். நான் வெட்டிகினே இருந்தேன். அவனா ஒண்ணு நெனச்சிகினு மாப்ளைக்கு போன் போட்டுட்டான். "எப்ப எடுத்துகினு வரீங்க? உங்க மாமனார் எல்லாம் ரெடி பண்ணிட்டாரு"ன்னு கேட்டானாம். மாப்ளை போனை ஸ்பீக்கர்ல வெச்சிருந்தாராம். நீ பக்கத்துல உக்காந்திருந்தியாம்.

கண்ணு, நம்ம தெருவுல ஒரு கொழந்தை போயிடுச்சுன்னா பெத்தவன் தூக்க மாட்டான். தூக்க முடியாது. வேற ஒருத்தன் வேணும். எனக்கு மீசை மொளைச்ச நாள்ல இருந்து அந்த ஒருத்தன் நான்தான். சாமுண்டீஸ்வரியோட தலைச்சன், ஆடிப் பெருக்கு அன்னைக்கு, தூறல் போட்டுகினு இருந்துச்சு. லாரி செட்டு அருளோட புள்ள, மஞ்சத் துணியில சுத்தியிருந்துச்சு, நெத்தியில மை பொட்டு அழியலை. சொல்லிகினே போவேன், பத்மாவுக்குக் கை வலிக்கும். எதுவும் எனக்கு மறக்கலை. எல்லாம் ஏழாம் மாசம், எட்டாம் மாசம். ஒண்ணு கூடத் தங்கலை.

அதனால வெட்டினேன். மாப்ளை அந்த நேரத்துல எடம் தேடி அலையக் கூடாதுன்னு நெனச்சேன். ஊருக்கெல்லாம் செஞ்சவன் உனக்குச் செய்யாம இருப்பனா? அவ்ளோதான் என் நெனப்பு. கொழந்தை போவணும்னு நெனச்சேன்னு மட்டும் சொல்லாதே.

நான் வந்து பாக்கட்டுமா?

இப்படிக்கு
உன் நைனா


பூந்தமல்லி
6-11-2024

நைனா,

முதல்ல பத்மா அக்காவுக்கு ஒரு வார்த்தை. இதைப் படிச்சுக் காட்டும்போது கோபமா எழுதியிருக்கிற இடத்துல குரலைக் குறைக்காதீங்க. அவருக்கு அப்படியே கேக்கணும்.

உனக்கு இங்க என்ன நடக்குதுன்னு தெரியாது, தெரிஞ்சுக்க வரவும் இல்லை. உள்ள போறதுக்கு முன்னால வளையல், மோதிரம் எல்லாம் கழட்டிட்டு முழங்கை வரைக்கும் கை கழுவணும். கவுன் மாட்டணும். அப்புறம்தான் பெட்டியில இருக்கிற ஓட்டை வழியா கையை விட்டு ஒரு விரலால தொடலாம். தடவக் கூடாது, தடவினா தோல் தாங்காது. விரலை அப்படியே வெச்சுக்கிட்டு நிக்கணும். மூக்குல ஒரு குழாய், வாயில ஒரு குழாய். நான் அரை மணி நேரம் உக்காந்து பிழிஞ்சா பாட்டில் மூடி அளவு பால் வருது. அதை ஊசிக் குழாய்ல விட்டு, சொட்டுச் சொட்டா இறக்குறாங்க. அந்த மூடிப் பாலை எடுத்துக்கிட்டு நடக்கும்போது யாராவது இடிச்சுடுவாங்களோன்னு சுவரை ஒட்டியே போறேன்.

நான் பால் எடுத்துக்கிட்டு நடந்த அதே காலையில நீ மம்மட்டி எடுத்துக்கிட்டு நடந்திருக்க.

ஒண்ணு கூடத் தங்கலைன்னு எழுதியிருக்க. உன்னைக் கூப்பிட்டதே போன குழந்தைகளுக்கு மட்டும்தானே நைனா? பிழைச்ச குழந்தைக்கு உன்னை யார் கூப்பிடுவாங்க? பிழைச்சதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

நான் பொறந்து மூணு மாசம் வரைக்கும் நீ என்னைத் தூக்கினதே இல்லைன்னு அம்மா சொல்லிச் சொல்லி அழுவா. பொண்ணுன்னு வெறுத்துட்டியோன்னு சின்ன வயசுல நினைப்பேன். இப்ப எதுவும் நினைக்கலை. அந்தக் கை என் பொண்ணு மேல பட வேணாம். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி வராதே.

முதல்ல போய் அந்தக் குழியை மூடு.

அகல்யா


வெள்ளானூர்
9-11-2024

அகல்யாவுக்கு,

பத்மா நீ சொன்ன மாதிரியே சத்தமாப் படிச்சுது. படிச்சிட்டு அதுக்குத்தான் கண்ணு கலங்கிப் போச்சு. பொழைச்சது உனக்கு எப்படித் தெரியும்னு கேட்ட பாரு, அதை மட்டும் ரெண்டாந்தரம் படிக்கச் சொன்னேன். நியாயம்தான். இத்தினி வருசமா எனக்கு அது தோணலை.

குழியை மூடலை. மூட முடியலை. வெட்டின குழியைச் சும்மா மூடக் கூடாதுன்றது உனக்குத் தெரியாது. எதையாச்சும் உள்ள போட்டுத்தான் மூடணும். இல்லாட்டி அது கேட்டுகினே கீதுன்னு சொல்லுவாங்க. பச்சையப்பன், "போன் பண்ணது என் தப்புதான் மாமே, ஒரு கோழிக் குஞ்சு தரேன், போட்டு மூடிடு"ன்னு நல்லா வளந்த பெட்டைக் குஞ்சு ஒண்ணைப் புடிச்சிக் குடுத்தான். புங்கமரம் வரைக்கும் கொண்டு போயிட்டேன். கையில சூடா இருந்துச்சு. அதோட நெஞ்சு படக்கு படக்குன்னு அடிச்சிகினு இருந்துச்சு. நம்ம கொழந்தையும் இந்த எடைதான் இருக்கும்னு கை சொல்லுச்சு. விட்டுட்டேன். அது ஓடிப் போயி, பச்சையப்பன் பொண்டாட்டி கோழி எங்கடான்னு அவனை வாங்கு வாங்குன்னு வாங்கறா.

அப்புறம் மழை புடிச்சிகிச்சு. குழியில தண்ணி நிக்குது. தெனம் போய் மொண்டு ஊத்திட்டு வரேன். ஏன்னு கேக்காதே. தண்ணி நின்னா எனக்குத் தாங்கலை.

உன்னைத் தூக்காததுக்கு நீ பொண்ணுன்றது காரணம் இல்லை. நீ பொறந்த வாரம்தான் அருளோட புள்ளையை எடுத்துகினு போனேன். உங்கம்மா உன்னைக் கொண்டாந்து நீட்டுறா. என் கை நீளுது, ஆனா அதுக்கு வேற எடை ஞாபகம் வருது. தூக்கினதெல்லாம் என் கையிலயே கீது அகல்யா. உன்னையும் அந்த வரிசையில சேத்துடுமோன்னு பயந்து கையைக் கட்டிகினேன்.

(இந்த இடத்தில் பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "எங்க விட்டேன்?" என்று கேட்கவில்லை. விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். – பத்மா)

நீ கேட்டைத் தாண்டாதேன்னு சொன்ன. தாண்டலை. ஆனா தெனம் சரசா கூடவே பஸ் ஏறி வரேன். எதிர்ல டீக்கடை பெஞ்சுல குந்திக்கறேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் உன் ராஜ்ஜியம் இல்லையே. மாப்ளை டீ வாங்க வராரு. ரொம்ப எளைச்சிட்டாரு. என்னைப் பாத்தா தலையைக் குனிஞ்சிகினு போறாரு. திட்டினாலும் பரவாயில்லை.

சரசா சுறாப் புட்டு செஞ்சு எடுத்தாரா. பால் ஊறும். கவுச்சின்னு ஒதுக்காதே.

நைனா


பூந்தமல்லி
12-11-2024

நைனா,

டீக்கடையில நீ உக்காந்திருக்கறது மேல வெயிட்டிங் ஹால் ஜன்னல்ல நல்லாத் தெரியுது. நான் பாக்கலைன்னு நினைச்சுக்காதே. நேத்து சாரல்ல நனைஞ்சுக்கிட்டே இருந்த. உள்ள தள்ளி உக்காரக் கூடாதா? கடைக்காரன் ஒண்ணும் சொல்ல மாட்டான். அதுக்காக மன்னிச்சுட்டேன்னு அர்த்தம் இல்லை.

இங்க இவளுக்கு ஒரு வியாதி. மூச்சு விட மறந்துடறா. நல்லா விட்டுக்கிட்டே இருப்பா, திடீர்னு நின்னுடும். மெஷின் கத்தும். நர்ஸ் அவசரமே படாம வந்து உள்ளங்காலை ஒரு விரலால சுண்டுவாங்க. உடனே ஞாபகம் வந்த மாதிரி விட ஆரம்பிச்சுடுவா. குறைமாசத்துல பொறந்தா அப்படித்தானாம், மூளைக்கு இன்னும் பழகலையாம், வளர வளரச் சரியாயிடுமாம். நர்ஸ் சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. எனக்கு ஒவ்வொரு தடவையும் உயிர் போய் வருது.

பக்கத்துப் பெட்டிக் குழந்தையோட அம்மா அப்பா ஒடிசாக்காரங்க. அவர் மெட்ரோ வேலைக்கு வந்தவர். அந்தப் பொண்ணுக்குத் தமிழ் வராது, எனக்கு அவ பேச்சு வராது. மெஷின் கத்தினா என் கையை அவ பிடிச்சுக்குவா, அவ கையை நான் பிடிச்சுக்குவேன். எந்தப் பெட்டி மெஷின்னு தெரியற வரைக்கும் விட மாட்டோம். அவங்களுக்குச் சோறு கொண்டு வர ஆள் இல்லை. அம்மா சுறாப் புட்டுல பாதியை அவளுக்குக் குடுத்துட்டா. அவ ஒரு வாய் வெச்சுட்டு மூஞ்சியை ஒரு மாதிரி வெச்சுக்கிட்டு, அப்புறம் முழுசாத் தின்னுட்டா. ரொம்ப நாள் கழிச்சு நான் சிரிச்சேன்.

நீ என்னைத் தூக்காத காரணத்தைப் படிச்சேன். அம்மா கிட்டயும் படிச்சுக் காட்டினேன். அவ கேரியரை அலம்பறேன்னு எழுந்து போயிட்டா.

இதை ஏன் இத்தனை வருஷம் கழிச்சு, அதுவும் இப்பச் சொல்ற?

குழியில தண்ணி மொண்டு ஊத்தறதையெல்லாம் எனக்கு எழுதாதே. கண்ணை மூடினா அதுதான் தெரியுது.

அகல்யா


ஆஸ்பத்திரி
15-11-2024

நைனா,

இவர் கையில இந்தச் சீட்டைப் பாத்து பயந்துடாதே. நம்ம பொண்ணு நல்லா இருக்கா.

பக்கத்துப் பெட்டிக் குழந்தை காலையில போயிடுச்சு. அதோட அப்பா ஆஸ்பத்திரி பேப்பரை வெச்சுக்கிட்டு எங்க போறதுன்னு தெரியாம மாடிப்படியில நிக்கறார். ஊர் அவ்வளவு தூரம். இங்க அவங்களுக்கு யாரும் இல்லை.

கேட்டைத் தாண்டி வா.

அகல்யா


வெள்ளானூர்
16-11-2024

அகல்யாவுக்கு,

மாப்ளை கையில சீட்டோட ரோட்டைத் தாண்டி வரதைப் பாத்ததும் டீ கிளாஸ் கீழ உழுந்து ஒடைஞ்சு போச்சு. "மாமா, நம்ம கொழந்தை இல்லை, நம்ம கொழந்தை இல்லை"ன்னு அவரு தூரத்துல இருந்தே கத்தினாரு. சீட்டைப் படிச்சிக் காட்டிட்டு என் தோளைப் புடிச்சி எழுப்பினாரு. அவரு என்கிட்ட பேசினதே அப்பதான்.

நடந்ததை நீ தெரிஞ்சிக்கணும். மறைக்கக் கூடாது.

கீழ் ரூம்ல ஒரு வெள்ளைத் துணியில சுத்திக் குடுத்தாங்க. கொழந்தையோட அப்பா, அந்தத் தம்பி, வாங்கக் கை நீட்டாம சொவத்தையே பாத்துகினு நின்னாரு. நான் வாங்கிகினேன். கிளம்பற நேரத்துல அந்தப் பொண்ணு வந்து துணி மேல கை வெச்சிடுச்சு. அவங்க பாஷையில ஒரு வார்த்தை சொல்லுச்சு. வழக்கத்துல தாய்க்கு மொகம் காட்ட மாட்டேன், காட்டினா மனசு விடாதுன்னு சொல்லி எடுத்துகினு நடந்துகினே இருப்பேன். நேத்து நடக்க முடியலை. நின்னேன். துணியை விலக்கினேன். அந்தப் பொண்ணு பாத்துச்சு. மூக்கைத் தொட்டுச்சு. அப்புறம் அதுவே துணியை மூடி, ஓரத்தைச் சொருகி விட்டுச்சு, குளிர்ல தூங்கற கொழந்தைக்குச் செய்யற மாதிரி. இத்தினி பேரை எடுத்துகினு போனேனே, யாராச்சும் கேட்டிருந்தா காட்டியிருப்பேன்னு சொல்ல வாய் வருது. கேக்க உட்டிருக்கணும் இல்லை?

மாப்ளை ஆட்டோ புடிச்சாரு. கூடவே வந்தாரு.

அகல்யா, வேற குழி வெட்ட நேரம் இல்லை. மழை இருட்டிகினு வந்துச்சு. அதுவும் காரணம் இல்லை. அந்தக் குழி அங்க இருந்துச்சு. அதுலதான் வெச்சேன்.

அந்தக் கொழந்தை உன் பொண்ணை விடக் கொஞ்சம் பெருசு. குழி பத்தலை. உன் பொண்ணு அளவுக்கு வெட்டினது. மம்மட்டி எடுத்தாரலை, ஆஸ்பத்திரியில இருந்து நேரா போனோம் இல்லை, கையாலயே ரெண்டு பக்கமும் அகலப்படுத்தினேன். மாப்ளையும் முட்டி போட்டுகினு கூடத் தோண்டினாரு. அந்தத் தம்பிக்கு ஒரு கைப்பிடி மண்ணு போடறது எப்படின்னு காட்டினேன். போட்டுட்டு என் காலைத் தொட்டாரு. எனக்கு அது தாங்கலை. நான் அவருக்குன்னா வெட்டினேன்?

உன் கிட்ட கேக்காம செஞ்சிட்டேன். உன் பொண்ணுக்கு வெட்டினதை இன்னொருத்தருக்குக் குடுத்தது சரியா தப்பான்னு எனக்குத் தெரியலை.

கீழ் ரூம்ல இருந்து கிளம்பறப்ப மாப்ளை, "கொஞ்ச நேரம் இதை நான் வெச்சிக்கறேன், மேல போய் நம்ம கொழந்தையை ஒரு தடவை கண்ணாடி வழியா பாத்துட்டு வந்துடுங்க மாமா"ன்னாரு. எடுத்தவன் உயிரோட கீற பச்சப் புள்ளைக்கு எதிர்ல போவக் கூடாது, தீட்டுன்னு சொல்லிட்டேன். உன் பொண்ணுக்கு ஒரே ஒரு மாடி கீழ வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்.

நைனா


பூந்தமல்லி
19-11-2024

நைனா,

மூணு நாளா எழுத உக்காந்து எழுந்துட்டேன். பத்மா அக்கா, இதை மெதுவாப் படிங்க.

இவர் ஏரிக்கரையில இருந்து வந்து நகமெல்லாம் மண்ணோட படிக்கட்டுல உக்காந்துட்டார். அந்தக் குழியிலதான் வெச்சாங்கன்னு சொன்னார். அப்ப அந்தப் பொண்ணு என் பக்கத்துல இருந்தா. அவ கை என் கையில இருந்தது. எனக்கு உள்ளுக்குள்ள என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடா. குழி நிறைஞ்சது, இனிமே அது என் பொண்ணைக் கேக்காது. அவ கையைப் பிடிச்சுக்கிட்டே நினைச்சேன் நைனா.

மம்மட்டி எடுத்த கையால தொடாதேன்னு உன்னைச் சொன்னேன். இப்ப என் மனசை என்ன செய்யறது? அதைக் கழட்டி வெச்சுட்டு, முழங்கை வரைக்கும் கழுவிட்டா உள்ள போறேன்?

அவங்க நேத்து காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. ஊருக்குத்தான் போல. போறப்ப அவளுக்குக் கட்டின பால் நிக்கலை, சட்டையெல்லாம் ஈரம். அம்மாதான் அவளுக்குத் துணி வெச்சுக் கட்டி விட்டா. அவ என் பொண்ணுக்குன்னு சின்னதா ஒரு கம்பளி குல்லா குடுத்துட்டுப் போனா. அவ குழந்தைக்குப் பின்னினது. நான் வாங்கிட்டேன். போடறதா வேணாமான்னு தெரியலை. தலையணைக்கு அடியில இருக்கு.

இவர் உன்னைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொன்னார். "ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் மாமா குழந்தையோட தலைக்குக் கீழ கையை அண்டை குடுத்துக்கிட்டே வந்தார்"னு. அதைச் சொல்லிட்டு இவர் அழுதார்.

இனிமே உன்னை வர வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தாத்தா பாட்டியை உள்ள விடுவாங்க. நகம் வெட்டிக்கோ. பீடி வேணாம், வாசம் வந்தா நர்ஸ் திருப்பி அனுப்பிடுவாங்க. வெளுத்த சட்டை போட்டுக்கிட்டு வா. தீட்டுன்னு ஒண்ணும் சொல்லாதே. எனக்கு இல்லாத தீட்டா உனக்கு?

மெஷின் இன்னும் கத்துது. முன்ன மாதிரி அடிக்கடி இல்லை. இவளுக்கு இன்னும் பேர் வெக்கலை.

அகல்யா


வெள்ளானூர்
21-11-2024

அகல்யாவுக்கு,

நான் தீட்டுன்னு சொன்னது பொய் கண்ணு. பத்மா, அதை எழுது, நிறுத்தாதே.

அந்த அப்பாடா எனக்கும் வந்துச்சு. பின்னால இல்லை, மண்ணைத் தள்ளிகினு இருக்கும்போதே வந்துச்சு. எதிர்ல அந்தத் தம்பி நிக்கறாரு, என் மனசு அப்பாடான்னுது. கீழ் ரூம்ல துணியைக் கையில வாங்கறப்பவே அது வரும்னு எனக்குத் தெரிஞ்சி போச்சு. அந்த மூஞ்சியை வெச்சிகினு உன் எதிர்ல எப்படி வந்து நிக்கறது? அதனால மாடி ஏறலை. நீ உன் ஒருத்திக்குத்தான்னு நெனச்சிகினு கெடக்காதே. எங்கிட்ட இருந்துதான் உனக்கு வந்துச்சு அது. இதை எப்படிக் கழட்டறதுன்னு எனக்கும் தெரியலை. சொமக்கறதுதான்.

புங்கமரத்தடிக்குத் தெனம் போறேன். மழையில மண்ணு அமுங்கிச்சு, மேல போட்டு விட்டேன். அவங்க எப்பனா திரும்பி வந்து கேட்டா எடம் காட்ட ஆள் வேணும் இல்லை? எனக்கு மறக்காது. நாய் வராம இருக்க முள்ளு வெட்டிப் போட்டுகீறேன்.

அந்தக் குல்லாவைப் போடு. அந்தப் பொண்ணு பாத்துப் பாத்துப் பின்னியிருக்கும். தலையணைக்கு அடியில வெக்கவா குடுத்துச்சு?

ஞாயித்துக்கிழமை வரேன். பத்மா நகம் வெட்டற மிஷினை எடுத்தாந்து வெச்சிகினு எழுதுது, இதை முடிச்சதும் அதுவே வெட்டி விடுதாம். நகத்துக்குள்ள ஏரி மண்ணு இன்னும் கீது, சோப்பு போட்டும் போவலை. பீடிக்கட்டைப் பச்சையப்பன் கிட்ட குடுத்துட்டேன், அவன் கோழிக்கு ஈடுன்னு வாங்கிகினான். சரசா என் வெள்ளைச் சட்டையைத் தொவைச்சிக் காய வெச்சிகீறா. சட்டைக் காலரை மட்டும் ரெண்டு தடவை தேச்சா.

ஒண்ணு கேக்கறேன். உள்ள வந்ததும் தூக்குன்னு மட்டும் சொல்லிடாதே. நர்ஸம்மா சொன்னாலும் நீ வேணாம்னு சொல்லு. என் கைக்கு அவ எடை தெரிய வேணாம். ஓட்டை வழியா ஒரு வெரலை உட்டு, உள்ளங்கால் கிட்ட வெச்சிகினு நிக்கறேன். அவ மூச்சை மறந்தா சுண்டறேன்.

எனக்குத்தான் எதுவும் மறக்கறதில்லையே.

நைனா